ஆண்ட்ரூவுக்காகச் சேர்ந்த குழு

1980ஆம் ஆண்டில் மூன்று பெரிய ராக் குழுக்கள் தங்களில் ஒருவரைப் பறிகொடுத்தன. பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். மே மாதம் ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். செப்டம்பரில் லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் போய்ச் சேர்ந்தார். மூன்று குழுக்களும் மூன்று வழியில் போயின. ஏசி/டிசி புதிய பாடகரைத் தேடிப்பிடித்து, ஐந்தே மாதத்தில் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை வெளியிட்டது. ஜாய் டிவிஷனில் மிச்சமிருந்தவர்கள் பழைய பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். லெட் செப்பலின் கடையைக் கட்டியது.

ஆள் போன பிறகு ஒரு குழுவுக்கு முன்னால் இருக்கும் வழிகள் பெரும்பாலும் இவ்வளவுதான். பத்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரத்தில் சில இளைஞர்கள் வேறொன்று செய்தார்கள். இறந்துபோன நண்பனுக்காகவே ஒரு குழுவைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தக் குழுவின் பெயர் டெம்பிள் ஆஃப் தி டாக். அந்த ஆல்பத்தின் பெயரும் அதுவே. அதைப் பதிவு செய்ய எடுத்துக்கொண்ட நாட்கள் 15. இன்று கேட்டாலும் அந்தக் காலத்து சியாட்டில் இசையில் முதல் வரிசையில் வைக்கத் தகுந்த பதிவு அது.

அந்த நண்பனின் பெயர் ஆண்ட்ரூ வுட். பிறந்தது 1966இல். வளர்ந்தது சியாட்டிலுக்கு எதிர்க்கரையில், படகேறிப் போகவேண்டிய பெயின்பிரிட்ஜ் தீவில். 1980இல், பதினான்கு வயதில், அண்ணன் கெவினோடு சேர்ந்து மால்ஃபங்ஷன் என்ற குழுவைத் தொடங்கினார். அன்றைய சியாட்டில் குழுக்களுக்குப் பகட்டு பிடிக்காது. கட்டம் போட்ட சட்டை, கிழிந்த ஜீன்ஸ், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசிப்பது, இதுதான் நடைமுறை. வுட் இதற்கு நேர் எதிர். முகத்தில் வெள்ளைப் பூச்சு, மினுமினுக்கும் உடை, 'லாண்ட்ரூ தி லவ் சைல்ட்' என்று தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டப்பெயர். குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி, கிஸ் குழுவின் பால் ஸ்டான்லி போன்றவர்கள் அவருடைய நாயகர்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் நிற்கும் சின்ன கிளப்பிலும், பல்லாயிரம் பேர் கூடிய மைதானத்தில் நிற்பவர் போலத்தான் கூட்டத்தோடு பேசுவார், சிரிக்க வைப்பார், ஆட்டம் போடுவார். அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இவன் எப்படியும் பெரிய ஆளாகிவிடுவான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

1988இல் அதற்கான கதவு திறந்தது. கிரீன் ரிவர் என்ற குழு உடைந்து அதிலிருந்து வெளியே வந்திருந்த கிட்டார்காரர் ஸ்டோன் கொசார்டும் பேஸ் கிட்டார்காரர் ஜெஃப் அமென்டும் வுட்டோடு சேர்ந்தார்கள். குழுவின் பெயர் மதர் லவ் போன். சியாட்டில் குழுக்களைப் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. பாலிகிராம் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 1989இல் ஒரு குறும்பதிவு வந்தது. 'ஆப்பிள்' என்று பெயரிட்ட முதல் முழு ஆல்பமும் தயாராகி, 1990 வசந்தத்தில் வெளிவரக் காத்திருந்தது.

வுட்டுக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. ஒருமுறைக்கு மேல் மறுவாழ்வு மையத்துக்குப் போய் வந்திருந்தார். 1989 கடைசியில் மறுபடியும் போனார். ஆல்பம் வெளிவரும்போது தெளிந்த மனிதனாக நிற்கவேண்டும் என்பதுதான் எண்ணம். சில மாதங்கள் தாக்குப்பிடித்தார். 1990 மார்ச் 16 அன்று அவருடைய வீட்டில் நினைவிழந்து கிடந்தார். மூன்று நாள் மருத்துவமனையில் இயந்திரத்தின் துணையோடு மூச்சு ஓடியது. மார்ச் 19 அன்று எல்லாம் முடிந்தது. வயது 24. 'ஆப்பிள்' அந்த ஜூலையில் வெளிவந்தது. அதற்காக மேடையேற ஆள் இல்லை, குழுவும் இல்லை.

ராக் வரலாற்றில் இத்தகைய மரணங்களைச் சுற்றி ஒருவித மயக்கம் படர்ந்துவிடுவதுண்டு. வுட்டின் மரணத்தில் அப்படி மயங்க எதுவுமே இல்லை. பழக்கத்தை விட்டு, உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும் வேளையில் மறுபடி தொடுவதுதான் ஹெராயினில் மிக ஆபத்தான தருணம் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். திருந்த முயன்ற ஒரு பையன் ஒருமுறை சறுக்கினான். அந்த ஒருமுறையே போதுமானதாக இருந்தது.

சியாட்டிலின் இசைக்காரர்கள் அப்போது ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் மாதிரி. ஒருவர் குழுவில் மற்றவர் வாசிப்பார். ஒரே கிளப்புகள், ஒரே ஒத்திகைக் கூடங்கள், வாடகை வீடும் பங்குதான். சவுண்ட்கார்டன் குழுவின் பாடகர் கிறிஸ் கார்னெலும் ஆண்ட்ரூ வுட்டும் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். அவரவர் அறையில் உட்கார்ந்து, நான்கு டிராக் ரெக்கார்டரில் ஒரு பாட்டைப் பதிவு செய்து, எழுந்து வந்து மற்றவருக்குப் போட்டுக் காட்டுவார்களாம். மற்றவர் அதைவிட நல்ல பாட்டோடு வந்து நிற்கவேண்டும். கார்னெல் பின்னாளில் இதை விரும்பி நினைவுகூர்ந்தார்.

வுட் விழுந்தபோது கார்னெல் சுற்றுப்பயணத்தில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தார். மார்ச் 24 அன்று சியாட்டிலின் பாரமவுண்ட் அரங்கில் நினைவுக் கூட்டம் நடந்தது. அது முடிந்த சில நாட்களில் சவுண்ட்கார்டன் ஐரோப்பாவுக்குக் கிளம்பவேண்டியிருந்தது. உட்கார்ந்து அழ நேரம் இல்லை. பேசிப் புலம்ப, வுட்டைத் தெரிந்தவர்களும் பயணத்தில் அதிகம் இல்லை. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கார்னெல் இரண்டு பாடல்களை எழுதினார்: 'சே ஹலோ டு ஹெவன்', 'ரீச் டவுன்'.

இரண்டுமே இறந்தவனை நேரே பார்த்துப் பேசும் பாடல்கள். பாரி இறந்த பிறகு கபிலர் பாடிய கையறுநிலைப் பாடல்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தத் தொனி புதிதல்ல. முதல் பாடலில் கார்னெலின் குரல் மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் மனிதத் தொண்டை தாங்குமா என்று நாம் பயப்படும் உச்சியில் போய் நிற்கிறது. இரண்டாவது வேறு மாதிரி. கனவில் நண்பன் வருகிறான், அதே மினுமினுப்போடு, அதே பகட்டோடு. அழுகையைவிட அவனைப் பார்த்த சந்தோஷம்தான் அதில் தூக்கலாக இருக்கிறது. வுட்டின் சிரிப்பை மறக்காத ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

இந்தப் பாடல்கள் சவுண்ட்கார்டனுக்குப் பொருந்தாது என்று கார்னெலுக்குத் தெரிந்தது. சவுண்ட்கார்டனின் இசை கனமானது, முரட்டுத்தனமானது, தாளம் கோணலாக ஓடும். இவையோ நிதானமான, நெஞ்சைத் திறந்து காட்டும் பாடல்கள். இவற்றை யாரோடு பதிவு செய்வது? வுட்டோடு வாசித்தவர்களோடுதான். கொசார்டிடமும் அமென்டிடமும் கேட்டார். இருவரும் அப்போது நிலைகுலைந்து போயிருந்தார்கள். ஒப்பந்தம், ஆல்பம், எதிர்காலம் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்ட நிலை. ஒத்துக்கொண்டார்கள். சவுண்ட்கார்டனிலிருந்து டிரம்மர் மாட் கேமரன் வந்தார். கொசார்டின் பள்ளிக்கால நண்பர் மைக் மெக்ரெடி இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்தார்.

முதலில் ஒரு சின்ன சிங்கிள் மட்டும் என்றுதான் பேச்சு. பிறகு, வுட் தனியாக எழுதி வைத்துவிட்டுப் போன பாடல்களை எடுத்துப் பதிவு செய்யலாமா என்று யோசித்தார்கள். அந்த யோசனையைச் சீக்கிரமே கைவிட்டார்கள். செத்தவன் பாட்டை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கூச்சம்தான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது. நண்பனின் பாடல்களை மெருகேற்றி வெளியிட்டிருந்தால் அது இன்னொரு நினைவுமலராக முடிந்திருக்கும். கார்னெல் தன்னிடம் இருந்த வேறு பாடல்களையும் கொண்டுவந்தார். கொசார்டும் அமென்டும் சில மெட்டுகளைக் கொடுத்தார்கள். ஆல்பம் வளர்ந்தது.

1990 நவம்பர், டிசம்பரில் சியாட்டிலின் லண்டன் பிரிட்ஜ் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. தயாரிப்பைக் குழுவே பார்த்துக்கொண்டது. கூட இருந்து பதிவு செய்தவர் ஸ்டூடியோவை நடத்திய ரிக் பராஷர். சில பாடல்களில் பியானோவும் ஆர்கனும் வாசித்தவரும் அவரே. அடுத்த ஆண்டு, இவர்களில் மூவர் சேர்ந்த பேர்ல் ஜாம் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அதே பராஷர்தான். பின்னாளில் கொசார்ட், நெருக்கடியே இல்லாத பதிவு அது என்றார். கம்பெனிக்காரர் யாரும் தலைக்கு மேல் நிற்கவில்லை. ஹிட் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சுதந்திரம் எப்படி இருந்தது என்பதற்கு 'ரீச் டவுன்' ஒன்று போதும். பாட்டு 11 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் பல நிமிடம் நீளும் கிட்டார் சோலோ. வாசித்தது மெக்ரெடி. அதுவரை பெரிய பதிவு எதிலும் வாசித்திராத ஆள், அடக்கி வாசிக்கவே பார்த்தார். கார்னெல்தான், இது உன் இடம், போய் ஆடு என்று தள்ளிவிட்டார். மெக்ரெடி ஆடிய ஆட்டத்தில் பாதி சோலோவிலேயே காதிலிருந்த ஹெட்போன் கழன்று விழுந்தது. பின்னணி இசை காதில் விழாமல், விட்ட இடத்தைத் தேடாமல், மீதி சோலோவை அப்படியே வாசித்து முடித்தார். அந்த வாசிப்புதான் ஆல்பத்தில் இருக்கிறது. பின்னாளில் ஆயிரக்கணக்கான மேடைகளில் கிட்டார் வாசித்த மெக்ரெடி, தன் பெருமைக்குரிய வாசிப்புகளில் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு.

இந்தக் கதைக்குள் இன்னொரு கதை, ஒரு கேசட் வடிவத்தில், 2,000 கிலோமீட்டர் தெற்கேயிருந்து வந்து நுழைகிறது.

வுட் இறந்த பிறகு கொசார்ட் சும்மா இருக்கவில்லை. மெக்ரெடி, அமென்டோடு புதிய மெட்டுகளை வாசித்துப் பார்த்து, பாட்டு இல்லாத வெறும் இசையாக ஒரு டெமோ கேசட் தயாரித்தார். பாடகர் தேடிக் கைமாறிக்கொண்டிருந்த அந்தக் கேசட், டிரம்மர் ஜாக் அயர்ன்ஸ் மூலமாக சான் டியாகோவில் இருந்த எடி வெடர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வெடர் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்தவர், கடலில் அலைச்சறுக்கு போகிறவர். கேசட்டைக் கேட்டுவிட்டு அலைச்சறுக்குப் போனார். திரும்பி வந்து மூன்று மெட்டுகளுக்குப் பாட்டு எழுதி, பாடி, பதிவு செய்து திருப்பி அனுப்பினார். 1990 அக்டோபரில் அவரையே சியாட்டிலுக்கு வரவழைத்தார்கள். அவர் வந்து சில நாட்களிலேயே குழு உருவாகி, அக்டோபர் 22 அன்று ஆஃப் ராம்ப் என்ற இடத்தில் முதல் நிகழ்ச்சியும் நடத்திவிட்டது. அப்போதைக்கு ஒரு கூடைப்பந்து வீரரின் பெயரை, மூக்கி பிளேலாக் என்று, குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு பேர்ல் ஜாம் ஆனார்கள்.

வெடர் ஆண்ட்ரூ வுட்டைப் பார்த்ததே இல்லை. ஊருக்குப் புதிது, கூச்ச சுபாவம். ஒத்திகைக்கு டெம்பிள் ஆஃப் தி டாக்கும் புதிய குழுவும் ஒரே இடத்தைத்தான் பயன்படுத்தின, ஆட்களும் பெரும்பாலும் அவர்களே. தன் முறைக்காக வெடர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கார்னெல் 'ஹங்கர் ஸ்ட்ரைக்' என்ற பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது பாட்டு ஆகிவிட்டது, பத்தாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று சேர்த்த பாட்டு அது. எழுதியதே ஒரு சரணம்தான். பல்லவியில் கீழே ஒரு குரலும் மேலே ஒரு குரலும் மாறிமாறி வரவேண்டும். இரண்டையும் ஒரே ஆள் பாட முயன்றால் ஒன்று பாடி முடிப்பதற்குள் மற்றொன்று வந்துவிடுகிறது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வெடர் எழுந்து மைக்குக்குப் போய், கீழ்க்குரலைப் பாடத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. சங்கடத்தில் நிற்பவருக்கு ஒரு கை கொடுப்பது மாதிரி செய்தார்.

கார்னெலின் முடிவைத்தான் இங்கே பாராட்டவேண்டும். அந்தக் குரலைக் கேட்டவுடன் பாட்டின் வடிவத்தையே மாற்றினார். ஒரே சரணத்தை இருவரும் ஆளுக்கொரு முறை பாடுவது என்று ஆயிற்று. முதலில் வெடரின் ஆழ்ந்த, மண்வாசனை வீசும் குரல். அதே வார்த்தைகளோடு கார்னெலின் கூர்மையான உச்சக்குரல் பின்னால் வருகிறது. பல்லவியில் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. எழுதிய வார்த்தை குறைவு என்ற குறை, இரண்டு மனிதர்கள் ஒரே உண்மையைச் சொல்லும் நிறைவாக மாறிவிட்டது. நிரப்பிப் போடச் சேர்த்த பாட்டு, குழுவின் அடையாளமாகவே ஆகிப்போனது. வெடரின் குரல் முறையான ஒரு ஆல்பத்தில் முன்னணியில் ஒலித்ததும் அதுவே முதல் தடவை.

நவம்பர் 13 அன்று அதே ஆஃப் ராம்ப்பில் டெம்பிள் ஆஃப் தி டாக் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. சுற்றுப்பயணம் இல்லை. 1991 ஏப்ரல் 16 அன்று ஏ அண்டு எம் நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. குழுவின் பெயர் மதர் லவ் போனின் 'மேன் ஆஃப் கோல்டன் வேர்ட்ஸ்' பாடலில் வுட் எழுதிய சொற்களிலிருந்து எடுத்தது. விமர்சகர்கள் நல்லவிதமாக எழுதினார்கள். சுமார் 70,000 பிரதிகள் விற்றன. அதோடு ஆல்பம் கடைகளின் பின்வரிசைக்குப் போய்விட்டது. வாசித்தவர்களுக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லவேண்டியவனுக்குச் சொல்லியாயிற்று.

பிறகு உலகம் தலைகீழானது. அந்த ஆகஸ்டில் பேர்ல் ஜாமின் 'டென்', செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', அக்டோபரில் சவுண்ட்கார்டனின் 'பேட்மோட்டார்ஃபிங்கர்' வெளிவந்தன. இரண்டு மாதத்துக்குள் மூன்று ஆல்பங்கள், மூன்றும் சியாட்டில் இசைக்காரர்கள் தந்தவை. கிரஞ்ச் என்று பெயர் சூட்டி அமெரிக்கா முழுக்க அந்த இசையைக் கொண்டாடியது. 1992இல் ஏ அண்டு எம் காரர்கள் தங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். பேர்ல் ஜாமும் சவுண்ட்கார்டனும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு ஆல்பம் அங்கே ஏற்கெனவே இருந்தது! சியாட்டிலின் டிஸ்கவரி பூங்காக் கடற்கரையில் எடுத்த 'ஹங்கர் ஸ்ட்ரைக்' வீடியோ எம்டிவியில் ஓயாமல் ஓடியது. ஆல்பம் பில்போர்ட் பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறியது. விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது.

துக்கத்தைக் கம்பெனி காசாக்கிவிட்டது என்று இதைச் சிலர் குறை சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. விளம்பரம் கம்பெனியுடையது, சந்தேகமில்லை. ஆனால் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. 70,000 பேர் கேட்ட அதே 15 நாள் பதிவைத்தான் பத்து லட்சம் பேர் கேட்டார்கள். அதன் மூலம் ஆண்ட்ரூ வுட் என்ற பெயரை, அவர் உயிரோடிருந்தபோது கேள்விப்பட்டவர்களைவிடப் பலமடங்கு பேர் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அஞ்சலி ஆல்பம் என்று முத்திரை விழுந்ததால், பத்துப் பாடல்களும் வுட்டைப் பற்றியவை என்றே பலர் நினைக்கிறார்கள். நேரடியாக அவரைப் பற்றியவை முதல் இரண்டு மட்டும்தான். 'ஹங்கர் ஸ்ட்ரைக்' இருப்பவன், இல்லாதவன் பற்றியது. 'வுடன் ஜீசஸ்' மதத்தை விற்றுப் பிழைப்பவர்களைச் சாடுவது. 'கால் மீ எ டாக்' காதல் கசந்த பாட்டு. ஒருவர் இறந்த வீட்டில் அவரைப் பற்றியே எந்நேரமும் பேசிக்கொண்டிருக்க முடியாது. பேச்சு எங்கெங்கோ போகும், ஆனால் எல்லாரும் ஏன் கூடியிருக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆல்பத்தின் மற்ற எட்டுப் பாடல்களும் அப்படித்தான் ஒலிக்கின்றன.

வுட்டுக்கான இசை இந்தக் குழுவோடு நிற்கவில்லை. ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ஜெர்ரி கேன்ட்ரெல் அவரை நினைத்து 'வுட்?' (Would?) என்ற பாட்டை எழுதினார். அது 1992இல் கேமரன் குரோவ் இயக்கிய 'சிங்கிள்ஸ்' திரைப்படத்தின் இசைத்தொகுப்பில் வந்தது. அதே தொகுப்பில் மதர் லவ் போனின் பாட்டும் உண்டு. கொசார்ட், மால்ஃபங்ஷன் குழுவின் டிரம்மர் ரீகன் ஹேகரோடு சேர்ந்து லூஸ்குரூவ் என்ற சிறிய லேபிளைத் தொடங்கினார். மால்ஃபங்ஷனின் பழைய பதிவுகளை 1995இல் 'ரிட்டர்ன் டு ஒலிம்பஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். நண்பனின் பாட்டைத் தொடத் தயங்கியவர்கள், ஐந்தாண்டு கழித்து அவன் குரலிலேயே அதை வெளியே கொண்டுவந்தார்கள்.

டெம்பிள் ஆஃப் தி டாக்கின் ஆட்கள் ஒரேயடியாகப் பிரிந்துவிடவும் இல்லை. சவுண்ட்கார்டன் 1997இல் கலைந்தது. அடுத்த ஆண்டே மாட் கேமரன் பேர்ல் ஜாமில் டிரம்மராகச் சேர்ந்தார். 2011 செப்டம்பரில் பேர்ல் ஜாமின் இருபதாம் ஆண்டு விழாவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடையில், கார்னெல் வந்து பழைய பாடல்களைப் பாடினார். ஆனால் சுற்றுப்பயணம் என்று ஒன்று நடந்தது 2016 நவம்பரில்தான். ஆல்பத்துக்கு 25 வயது. ஃபிலடெல்ஃபியா அருகே தொடங்கி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் வழியாக, 20, 21 தேதிகளில் சியாட்டிலில் முடித்தார்கள். முடித்த இடம் பாரமவுண்ட் அரங்கம். வுட்டின் நினைவுக் கூட்டம் நடந்த அதே இடம். தங்கள் பத்துப் பாடல்களோடு மதர் லவ் போன் பாடல்களையும் வாசித்தார்கள். 26 ஆண்டுகளுக்கு முன் கூச்சப்பட்ட விஷயத்தை, நரை விழுந்த வயதில், கார்னெல் வாய் நிறையப் பாடினார். வெடர் அந்தச் சுற்றுப்பயணத்தில் இல்லை. 'ஹங்கர் ஸ்ட்ரைக்' வந்தபோது அவருடைய பங்கைக் கூட்டம் பாடியது.

ஆறு மாதம் கழித்து, 2017 மே 18 அன்று, டெட்ராய்ட்டில், மீண்டும் ஒன்றுகூடியிருந்த சவுண்ட்கார்டனின் நிகழ்ச்சி முடிந்த இரவில் கார்னெல் இறந்தார். வயது 52. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் ஃபோரம் அரங்கில் அவருக்கான அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. நண்பனுக்காக அவர் எழுதிய பாடல்களை அங்கே மற்றவர்கள் அவருக்காகப் பாடினார்கள்.

இந்த இசையைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'ஹங்கர் ஸ்ட்ரைக்'கில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் மதர் லவ் போனின் 'ஆப்பிள்' ஆல்பத்தைக் கேளுங்கள். யாரை இழந்தார்கள் என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும். பிறகு டெம்பிள் ஆஃப் தி டாக்கை முதல் பாட்டிலிருந்து வரிசையாக. கடைசியாக ஒரு சின்னச் சோதனை: அதில் ஆறாவதாக வரும் 'டைம்ஸ் ஆஃப் டிரபிள்' பாட்டையும், பேர்ல் ஜாம் 'ஜெரமி' சிங்கிளின் பின்பக்கத்தில் வெளியிட்ட 'ஃபுட்ஸ்டெப்ஸ்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் மெட்டு ஒன்றே, வுட் போன பிறகு கொசார்ட் அந்த டெமோ கேசட்டில் வாசித்தது. சியாட்டிலில் கார்னெல் அதற்கு எழுதியது, விழுந்துகிடக்கும் ஒருவனை எழுந்து நில் என்று கெஞ்சும் பாட்டு. சான் டியாகோவில் வெடர், சியாட்டிலில் யாரையும் தெரியாமல், யார் இறந்தது என்ற கதைக்குள் போகாமல், சிறைக்குள் இருக்கும் ஒரு கொலைகாரனின் வாக்குமூலமாக எழுதினார். கொசார்டின் கிட்டார் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.